ஹெட்டைக் கழற்றும் முன் கம்ப்ரஷன் பாருங்கள்: ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைச் சோதிக்கும் முறை

வண்டி ஹீட் ஆகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் இன்ஜின் உதறுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. இதைச் சொன்னதும் பல பட்டறைகளில் வரும் முதல் பதில், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்ட இறக்கிடலாம்." அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஹெட்டை இறக்குவது சின்ன வேலை இல்லை. டைமிங் பெல்ட்டோ செயினோ கழற்ற வேண்டும், ஹெட் லேத்துக்குப் போக வேண்டும், கேஸ்கெட் செட், போல்ட், கூலண்ட், ஆயில் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். இவ்வளவும் செய்து பூட்டிய பிறகு, குற்றவாளி திறக்காமல் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்தான் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வ்) என்று தெரிந்தால் போன பணம் திரும்பாது. ஆகவே ஹெட் போல்ட்டில் ஸ்பானர் வைக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்பதை, பார்த்துவிட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது சாதாரண நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். டீசலில் மாறும் இடங்களைப் பின்னால் சொல்கிறோம்.

கேஸ்கெட் எங்கே கிழிகிறது என்பதுதான் கேள்வி

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும், அவற்றை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் ஹெட்டுக்கும் நடுவே அழுந்திக் கிடக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். பழைய இன்ஜின்களில் கிராஃபைட் போன்ற மெத்தைப் பொருள் பதித்தது வரும். இப்போதைய இன்ஜின்களில் பெரும்பாலும் சில எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்தது. சிலிண்டருக்குள் எரியும் வாயு, சுற்றி ஓடும் கூலண்ட், மேலே ஏறி இறங்கும் ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது இந்தத் தகடு ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே அதன் அகலம் சில மி.மீ. மட்டுமே. வண்டி ஒரு முறை நன்றாகக் கொதித்தால் அலுமினிய ஹெட் அளவுக்கு மீறி விரிந்து நெளியும். நெளிந்த இடத்தில் பிடி தளரும், அந்தச் சந்தில் சூடான வாயு நுழைந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே போனால் வண்டி இழுக்காது, உதறும். தண்ணீர் குறையாமலே இருக்கலாம். சிலிண்டருக்கும் கூலண்ட் வழிக்கும் நடுவே போனால் ஹீட் ஆகும், தண்ணீர் காணாமல் போகும். கூலண்ட் வழிக்கும் ஆயில் வழிக்கும் நடுவே போனால் ஆயில், பால் கலந்த டீ மாதிரி ஆகிவிடும். வெளிப்பக்கமாகப் போனால் ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் ஆயிலோ கூலண்ட்டோ கசியும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் இவற்றில் முதலாவதை அடித்துச் சொல்லும். இரண்டாவதை ஓட்டை பெரிதாக இருந்தால் காட்டும், சிறிதாக இருந்தால் காட்டாது. மற்ற இரண்டும் அதில் தெரியவே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மீட்டரில் அளவு குறைந்துவிட்டால் உடனே ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டக்கூடாது. அளவு சரியாக வந்துவிட்டது, ஆகவே கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றும் விட்டுவிடக்கூடாது.

என்னென்ன வேண்டும்

பெட்ரோலுக்கு 0 முதல் 300 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை காட்டும் கம்ப்ரஷன் கேஜ். பிளக் ஓட்டையில் ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் வகை வேண்டாம். கை கொஞ்சம் தளர்ந்தாலும் அளவு குறையும். மரை போட்டுத் திருகும் ஹோஸ் வகைதான் நம்பத்தக்கது. பெரும்பாலான கார்களுக்கு 14 மி.மீ. மரை, புதிய சில இன்ஜின்களுக்கு 12 மி.மீ.; வாங்கும் முன் உங்கள் பிளக்கின் மரையைப் பார்த்துவிடுங்கள். ஹோஸ் முனையில் டயர் டியூப்பில் இருப்பது போல் ஒரு குட்டி வால்வ் இருக்கும். அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். அது கெட்டால் டயர் வால்வைப் பிடுங்கிப் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். டயர் வால்வின் ஸ்பிரிங் கெட்டியானது, அதைத் தள்ளித் திறக்கவே அழுத்தம் வேண்டும், அதனால் எல்லாச் சிலிண்டரும் குறைவாகக் காட்டும். கேஜுக்கு என்றே வரும் வால்வை வாங்கிப் போடுங்கள்.

பிளக் ஸ்பானர் (இப்போதைய கார்களில் பெரும்பாலும் 16 மி.மீ., பழையவற்றில் 21 மி.மீ.), முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி, ஒரு டீஸ்பூன், இன்ஜின் ஆயில், காகிதம், பேனா. கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது; ஒருவர் செல்ஃப் அடிக்க, ஒருவர் முள்ளைப் பார்க்க.

செய்யும் முறை

இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, பிறகு நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. சூட்டில்தான் பிஸ்டனும் அதைச் சுற்றிச் சந்தை அடைக்கும் ரிங்கும் தங்கள் சரியான அளவுக்கு விரிந்திருக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் கொதித்துவிடும் வண்டியை இந்த டெஸ்ட்டுக்காக ஓட்டி மேலும் கெடுக்காதீர்கள். ஆறிய இன்ஜினிலேயே பாருங்கள். அளவுகள் மொத்தமாகக் கொஞ்சம் குறையும், சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம் மறையாது. நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். முதலில் பெட்ரோலையும் கரண்ட்டையும் நிறுத்த வேண்டும். ஃபியூயல் பம்பின் ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பிடுங்குங்கள். கை எட்டினால் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றுங்கள். சிஎன்ஜி வண்டி என்றால் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். இக்னிஷன் காயில்களின் கனெக்டர்களைக் கழற்றுங்கள். இதைச் செய்யாமல் செல்ஃப் அடித்தால் திறந்த பிளக் ஓட்டைகளில் இருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பக்கத்திலேயே ஸ்பார்க் அடிக்கும். தீப்பிடிக்க அது போதும்.

பிளக் குழிகளில் தூசியும் மணலும் நிறைந்திருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே பிளக்கைத் திருப்புங்கள். நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் கழற்றிப் பார்ப்பது கூடாது. மற்ற மூன்றும் உள்ளே இருந்தால் செல்ஃப் திணறும், வேகம் ஏறி இறங்கும். கழற்றிய பிளக்குகளை 1, 2, 3, 4 என்று வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். இங்கேயே ஒரு சாட்சி கிடைக்கலாம். மூன்று பிளக்குகள் பழுப்பேறியிருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல் பளிச்சென்று இருந்தாலோ, அதன் இரும்பில் துருப் படிந்திருந்தாலோ, அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேஜை மாட்டும் முன் ஒரு முறை செல்ஃப் அடியுங்கள். ஓட்டைகளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். ஏதாவது ஓட்டையில் இருந்து கூலண்ட் தூவானமாக வந்தால் சந்தேகத்தின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். தண்ணீர் நிற்கும் சிலிண்டரில் பிளக்கோடு செல்ஃப் அடித்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே தண்ணீர் சந்தேகம் உள்ள வண்டியில் இந்த வெற்றுச் சுழற்சியை விட்டுவிடவே கூடாது.

இப்போது கேஜை முதல் சிலிண்டரில் கையாலேயே திருகி மாட்டுங்கள், ஸ்பானர் தேவையில்லை. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். திராட்டில் (ஆக்சிலேட்டரால் திறக்கும் காற்று வால்வ்) மூடியிருந்தால் இன்ஜினுக்குள் காற்றே போகாது, இல்லாத குறை மீட்டரில் தெரியும். மின்சாரத் திராட்டில் உள்ள வண்டிகளில் மிதித்தும் வால்வ் முழுதாகத் திறக்காமல் போகலாம். ஏர் பைப்பைக் கழற்றிக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும் முள் ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறி நிற்கும். நல்ல சிலிண்டரில் முதல் துள்ளலிலேயே முள் பாதிக்கு மேல் போய்விடும், அடுத்த மூன்று நான்கில் உச்சத்தை அடைந்து நின்றுவிடும். ஐந்து துள்ளல் வரை எண்ணி நிறுத்துங்கள். முதல் துள்ளல் எவ்வளவு, கடைசி எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். பித்தானை அழுத்திக் காற்றை விட்டு, அடுத்த சிலிண்டருக்குப் போங்கள். எல்லாச் சிலிண்டருக்கும் அதே ஐந்து. கடைசிச் சிலிண்டருக்கு வரும்போது பேட்டரி களைத்திருந்தால் அது குறைவாகவே காட்டும். சந்தேகம் இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு முதல் சிலிண்டரை மறுபடி பாருங்கள்.

எண்களைப் படிப்பது

நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். மானுவலில் கிலோக் கணக்கில் (ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ) இருந்தால் 1 கிலோ என்பது 14.2 பிஎஸ்ஐ. உங்கள் இன்ஜினின் மானுவலில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. ஆனால் மொத்த அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். பல ஜப்பானிய மானுவல்கள் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கின்றன. பட்டறைக் கணக்கில் 10 முதல் 15 சதவீதம் வரை பொறுக்கலாம். ஊட்டி மாதிரி மேட்டில் நின்று பார்த்தால் காற்றே மெலிந்தது. சென்னையில் 170 காட்டும் இன்ஜின் அங்கே 130-ஐ ஒட்டித்தான் காட்டும். நோய் என்று பயப்பட வேண்டாம்.

இப்படி ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்: 172, 86, 82, 174. முதலும் நான்காவதும் சரி. இரண்டும் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு விழுந்திருக்கின்றன. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் குறுகிய பாலம் உடைந்த கேஸ்கெட்டின் கையெழுத்து இது. சிலிண்டர்கள் எரியும் ஃபயரிங் வரிசை வழக்கமான 1-3-4-2 ஆக இருக்கும் இன்ஜினில் 2-ம் 3-ம் ஒன்றாகவே மேலே ஏறும். 2 காற்றை அழுத்தும்போது 3-ன் எக்ஸாஸ்ட் வால்வ் திறந்திருக்கும். உடைந்த பாலம் வழியாகக் காற்று அந்தப் பக்கம் தாவி வெளியே போய்விடும். 3 அழுத்தும்போது இதுவே திரும்ப நடக்கும். அதனால்தான் இரண்டும் ஜோடியாக விழுகின்றன. இரண்டு வால்வுகளோ இரண்டு செட் ரிங்கோ ஒரே நேரத்தில் ஒரே அளவுக்கு, அதுவும் பக்கத்துப் பக்கத்தில் கெடுவது அபூர்வம். இந்தத் தாள் கையில் இருந்தால் ஹெட்டைக் கழற்றத் தயங்க வேண்டாம்.

கவனியுங்கள்: பக்கத்தில் என்பது இன்ஜினில் அடுத்தடுத்து நிற்பது, ஃபயரிங் வரிசையில் அடுத்தடுத்து வருவது இல்லை. 1-ம் 3-ம் குறைந்திருந்தால் அது பாலம் உடைந்த கதை இல்லை.

இனி 170, 168, 105, 172 என்று வந்தால்? ஒரே ஒரு சிலிண்டர் குறைவு. இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வ் சரியாக உட்காராமல் இருக்கலாம், கேஸ்கெட் கூலண்ட் பக்கமாகப் போயிருக்கலாம். முதல் துள்ளலைப் பாருங்கள். முதலில் குறைவாக இருந்து துள்ளலுக்குத் துள்ளல் ஏறிக்கொண்டே போனால் ரிங் பக்கம் சாய்கிறது. முதலிலும் குறைவு, பிறகும் ஏற மறுக்கிறது என்றால் வால்வோ கேஸ்கெட்டோ. அடுத்தது ஆயில் டெஸ்ட். குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., இன்ஜின் ஆயில் விடுங்கள். கேஜ் இல்லாமல் இரண்டு சுற்று செல்ஃப் அடித்து ஆயிலைப் பரப்பிவிட்டு மறுபடி அளங்கள். 105 இருந்தது 145 ஆகிவிட்டால் ஆயில் ரிங்கின் சந்தை அடைத்திருக்கிறது, குறை ரிங்கில். அசையவே இல்லை என்றால் குறை மேலே, வால்விலோ கேஸ்கெட்டிலோ. ஆயிலை அதிகமாக ஊற்றாதீர்கள். ஆயில் இடத்தை அடைத்துக்கொண்டு பொய்யாக அளவை ஏற்றிக் காட்டும்.

வால்வ் என்று தோன்றினால் ஹெட்டுக்கு முன் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) பாருங்கள். எல்பிஜி, சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளில் வால்வ் சீட் தேய்ந்து வால்வ் மேலே ஏறும், கிளியரன்ஸ் இறுகும், வால்வ் முழுதாக மூடாது. சில சமயம் டேப்பெட் செட் செய்ததும் கம்ப்ரஷன் திரும்பிவிடும்.

நான்கும் ஒரே மாதிரி 110, 112, 108, 111 என்றால் கேஸ்கெட்டை மறந்துவிடுங்கள். திராட்டில் திறந்திருந்ததா, பேட்டரி நன்றாக இருந்ததா என்று பார்த்து மறுபடி அளங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம், அல்லது இன்ஜின் முழுதுமே தேய்ந்திருக்கலாம். எதிர்மாறாக ஒரு சிலிண்டர் மட்டும் மற்றதைவிட நன்றாகக் கூடியிருந்தால் கார்பன் படிந்திருக்கலாம், கூலண்ட்டோ ஆயிலோ உள்ளே நிற்கலாம்.

எல்லாம் சரியாக வந்தும் தண்ணீர் குறைந்தால்

இதுதான் மிகவும் ஏமாற்றும் நிலை. செல்ஃப் அடிக்கும்போது சிலிண்டரில் வருவது 12 கிலோ அளவு. வண்டி பாரத்தோடு ஓடும்போது எரியும் வாயுவின் அழுத்தம் 50 கிலோவைத் தாண்டும். 12 கிலோவுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும் மயிரிழை விரிசல் 50 கிலோவுக்குத் திறந்துகொள்ளும். ஓடும்போது வாயு கூலண்ட்டுக்குள் புகுந்து தண்ணீரை ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளும். நிறுத்தியதும் கதை தலைகீழ்: சிலிண்டரில் அழுத்தம் இல்லை, சூடான ரேடியேட்டரில் ஏறக்குறைய 1 கிலோ நிற்கிறது; அதே விரிசல் வழியாகக் கூலண்ட் சிலிண்டருக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலை உதறலும் வெள்ளைப் புகையும் அதனால்தான்.

இதைப் பிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று. முற்றிலும் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் உள்ளே வாயு போகிறது. ஆறிய நிலையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தும் பார்க்கலாம். முதலில் வரும் சில குமிழ்கள் தங்கியிருந்த காற்று. அவை நிற்காமல், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் அது எரிந்த வாயு.

உறுதியாகச் சொல்வது பிளாக் டெஸ்டர். ரேடியேட்டர் வாயில் வைத்து மேலிருக்கும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள். கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலண்ட் மட்டத்தை முதலில் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும், திரவத்தில் கூலண்ட் கலந்தால் அந்த டெஸ்ட் செல்லாது. இன்னொன்று கூலிங் பிரஷர் டெஸ்ட்: மூடியின் மேல் எழுதியிருக்கும் 0.9 அல்லது 1.1 கிலோ வரை பம்ப் அடித்து இருபது நிமிடம் விடுங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் முள் இறங்கினால், பிளக்குகளைக் கழற்றிச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். எந்த ஓட்டையில் ஈரம் வருகிறதோ அதுதான் இடம். மூடியையும் அதே டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். அழுத்தம் பிடிக்காத மூடி ஒன்றே தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியேற்றிவிடும், மாற்ற ஆகும் செலவும் மிகக் குறைவு.

கம்ப்ரசர் இருக்கும் பட்டறையில் லீக் டவுன் டெஸ்ட் கேளுங்கள். சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாக வெளியிலிருந்து காற்றைச் செலுத்தி, அது எங்கே போகிறது என்று காது கொடுப்பது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். பக்கத்துப் பிளக் ஓட்டையில் காற்று வந்தாலோ ரேடியேட்டரில் குமிழ் வந்தாலோ கேஸ்கெட், அல்லது ஹெட்டில் விரிசல். காற்று ஏறும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சட்டென்று சுற்றும். அதில் ஸ்பானர் மாட்டியபடி விடாதீர்கள்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி மஞ்சள் நுரை கண்டதும் கேஸ்கெட் என்று சொல்பவர்கள் உண்டு. மழைக்காலத்தில் தினமும் இரண்டு கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் குளிர்ந்து படிந்தே அந்த நுரை வரும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். அப்போது வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யக்கூடாது, பேரிங் போய்விடும்.

டீசலில்

70 கிலோ வரை காட்டும் தனிக் கேஜ் வேண்டும்; பெட்ரோல் கேஜை மாட்டினால் அது உடையும். குளோ பிளக் ஓட்டையிலோ இன்ஜெக்டர் ஓட்டையிலோ அதற்கான அடாப்டரோடு மாட்ட வேண்டும், இன்ஜெக்டர் எடுத்தால் செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். அளவு பொதுவாக 25 முதல் 35 கிலோ. ஆயில் டெஸ்ட் டீசலில் கூடவே கூடாது. பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகச் சிறியது. ஊற்றிய ஆயில் அழுத்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும், அல்லது பிஸ்டனை முட்டி நிறுத்தும்.

பூட்டும்போதும் திறக்கும்போதும்

பழைய பிளக்கையே திரும்பப் போடும்போது கையால் முழுதும் இறுக்கி, பிறகு ஸ்பானரில் கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் போனால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். ஆயில் விட்ட சிலிண்டர் ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் நீலப் புகை விடும், அது தானே அடங்கும். காயில் கனெக்டர்களும் ஃபியூஸும் திரும்ப மாட்டியாயிற்றா என்று பாருங்கள்.

எண்கள் எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஹெட்டை இறக்கும்போது அதோடு பக்கத்தில் நில்லுங்கள். 2-ம் 3-ம் குறைந்திருந்தால், எடுத்த கேஸ்கெட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே கருகிய கோடோ அரித்த பள்ளமோ இருக்க வேண்டும். இருந்தால் ஹெட்டின் மேல் நேர்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் வளைவை அளக்கச் சொல்லுங்கள். பல மானுவல்களில் எல்லை 0.05 மி.மீ. அதைத் தாண்டினால் லேத்தில் ஃபேஸிங் செய்து அடிப்பரப்பைச் சமமாக்காமல் புதுக் கேஸ்கெட் போட்டுப் பயனில்லை, சில மாதத்தில் அதே இடத்தில் போகும். கேஸ்கெட்டில் எந்தத் தழும்பும் இல்லை என்றால், புதியதைப் போட்டு மூடும் முன் ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள். வால்வ் சீட்டுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் இத்தனை அறிகுறிகளும் அப்படியே வரும்.